பட்டமும் பட்டறையும்

பழைய மாணவன் ஒருவன்

கோழி மேய்த்தாலுங் கோறணமேந்திற் கோழி மேய்க்கவேண்டும் என்பது எம்மூர்ப் பழமொழி. அதனைக் கேட்டு நகையாதாரை யாம் கண்டதில்லை. நகைத்தபின் தம் மகனுக்கு வேறு வழி காட்டியோரையும் அதிகங் கண்டதில்லை. பழமொழி நகைப்புக்குரியதாயிற்று, அதன் ஆட்சியோ சிறிதுங் குறைந்திலது.

எமது கல்லூரி அன்னையின் விழாவைக் கொண்டாடும் இம்மலரிலே, அவள் ஈன்ற மக்களுள் நீதியரசராயும் வைத்தியராயும் பொறியியலாளராயும் நிருவாக சேவையினராயும் விளங்கியோரின் பெயர்கள் பொறிக்கப்படுதல் முறையே. அவர்களாற் கல்லூரி பெற்ற புகழ் பெரிது. ஆயினும் அதே வகுப்பறைகளில், அதே வாங்குகளில் இருந்து கற்று, பின்னர் ஒரு கடையையோ பட்டறையையோ அச்சகத்தையோ தொடங்கிப் பத்துப் பேருக்கு ஊதியங் கொடுத்தவர்களின் பெயர்கள் இத்தகைய மலர்களில் எங்கே காணப்படுகின்றன? பெரும்பாலும் விளம்பரப் பக்கங்களிலேதான். அதுவும் அவர்கள் காசு கொடுத்தமையால். இச்சிறு செய்தியினுள்ளே, இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவன் ஒருவனுக்குச் சொந்தத் தொழில் தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் எவ்வாறு உண்டாகின்றது? உண்டான எண்ணம் எவ்வாறு வாடுகின்றது? இக்கேள்விக்கு எம்முட் பலர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் துணிவில்லை, உடல் வளையாது, மேசையுங் கதிரையுமே வேண்டும் என்பர். இவ்விடை சொல்லுதற்கு எளிது, சொல்பவர்மேல் எவ்விதப் பொறுப்பையுஞ் சுமத்தாதது, ஆதலின் இனியது. எனினும் அது பிழை என்பதே எமது கருத்து. மாணவனின் எண்ணம் அவன் நெஞ்சில் மட்டும் விளைவதன்று. வீடும் ஊரும் வகுப்பறையும் வங்கியும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன. அவையே அதனைக் கருகவும் வைக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் பழைய மாணவராகிய எமக்குப் பங்குண்டு.

முதலில், உத்தியோக மோகம் எம்மிடம் வந்த வரலாற்றை நேர்மையோடு நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. காணியோ துண்டு துண்டானது. மழையோ சில மாதங்களுக்கே உரியது. அத்தகைய மண்ணிலே 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் பள்ளிகளை நிறுவினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி தோன்றிற்று. ஆங்கிலங் கற்றவனுக்குக் கொழும்பிலே எழுதுவினைஞர் பதவியும், மலாயாவிலே புகையிரதப் பகுதி உத்தியோகமுங் காத்திருந்தன. மாதச் சம்பளம் வந்தது. முதுமையிற் பென்சன் வந்தது. கல்வீடும் கிணறும் எழுந்தன. வானத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் அரசாங்கத்தை நம்பி வாழத் தொடங்கியமை பேதைமையன்று. அக்காலத்துக்கு ஏற்ற அறிவுடைமையே. எமது கல்லூரிகளும் அவ்வாசையின் பயனாகவே ஒரு பகுதி வளர்ந்தன என்பதை மறைத்தலாகாது.

ஆயினும் அதுவே எமது முழு வரலாறன்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழியே சென்றது. தென்னிலங்கையின் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை வைத்தனர். காரைநகரிலும் புங்குடுதீவிலும் இருந்து புறப்பட்ட வணிகர் தலைநகரிற் பெயர்பெற்றனர். வல்வெட்டித்துறையார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தது. இவையெல்லாம் அரசாங்கத்துக் கோழி மேய்த்தவர்களின் செயல்கள் அல்ல.

சைவக் கல்லூரிகள் அனைத்துக்கும் மூலபுருடராகிய ஆறுமுக நாவலரையே எடுத்துக்கொள்வோம். அவர் பேர்சிவற் பாதிரியாரிடத்து வகித்த ஆசிரியப் பதவியை 1848 ஆம் ஆண்டில் துறந்தார்; வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்; மறு வருடம் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நிலையான சம்பளத்தை விட்டு, இல்லாத ஒன்றை உண்டாக்கப் புறப்பட்ட இளைஞருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. அவர் இலாபங் கருதிச் செய்தாரல்லர் என்பது மெய். ஆயினும் முதல் திரட்டி, யந்திரம் வாங்கி, ஆள் அமர்த்தி, நூல் அச்சிட்டு, அதனை ஊரூராகச் சேர்ப்பித்த அச்செயலுக்குத் தொழில் முயற்சி என்பதன்றி வேறு பெயர் என்ன? நாவலர் வழியினர் எனப் பெருமை கொள்ளும் நாம் அவர் விட்டுச் சென்ற சமயத்தையும் இலக்கணத்தையும் போற்றினோம். அவர் துணிவை மட்டும் மறந்தோம்.

அரசாங்க உத்தியோகம் என்னும் கதவோ நெடுங்காலத்துக்கு முன்பே ஒடுங்கத் தொடங்கிவிட்டது. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அதனை ஒருபுறம் அடைத்தது. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலை இறுக்கிற்று. பின்னர் வந்த போர் 2009 வரை நீடித்து அனைத்தையுஞ் சிதைத்தது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்து மாவட்டச் செயலகத்தின் முன்னே மாதக்கணக்கில் இருந்து போராடினர். 2020 இல் அரசாங்கம் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டது. இரண்டே வருடத்தில், 2022 ஏப்பிரலில், நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்கவியலாது நின்றது. அவ்வாண்டில் மூன்றிலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும், பட்டம் பெற்றவன் விண்ணப்பம் எழுதி நியமனக் கடிதத்துக்குக் காத்திருத்தலே ஒழுங்கான வாழ்வு என்று நினைப்பானாயின், அந்நினைவு எங்கிருந்து வருகின்றது?

இதனை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலறிஞர் ஐசெக் அய்சன் 1991 இல் வெளியிட்ட கட்டுரையொன்று, மனிதர் ஒன்றைச் செய்ய எண்ணங்கொள்வதற்கு மூன்று ஊற்றுக்களைக் கூறுகின்றது. அச்செயல் நல்லதா தீயதா என்னும் அவரது மனப்பாங்கு ஒன்று. தாம் மதிக்குஞ் சுற்றத்தார் அதனை ஏற்பரோ வெறுப்பரோ என்னும் உணர்வு மற்றொன்று. அதனைச் செய்துமுடிக்கத் தம்மால் இயலும் என்னும் நம்பிக்கை மூன்றாவது. இதற்கு முன்னரே 1982 இல் ஷப்பிரோ, சொக்கொல் என்பார், தொழில் தொடங்குதல் விரும்பத்தக்கதாயும் இயலத்தக்கதாயுந் தோன்றவேண்டும் என்றும், பெரும்பாலும் வாழ்விலே ஏதோவொரு பெயர்ச்சி நேரும்போதே மனிதர் அத்துறையில் இறங்குகின்றனர் என்றும் எழுதினர். வேலை இழப்பு, இடப்பெயர்வு, படிப்பின் முடிவு ஆகியன அத்தகைய பெயர்ச்சிகள். பெயர்ச்சி என்னும் பொருளை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இக்கொள்கையை எம்மூர் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். கிளிநொச்சியிலுள்ள விவசாயபீடத்தின் இறுதி வருட மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். தென்மராட்சியில் அவன் வீடு. மாம்பழக் காலத்திற் கறுத்தக்கொழும்பான் ஒரேயடியாகப் பழுத்து, சந்தையில் விலை வீழ்ந்து, வளவிலே அழுகுவதைச் சிறுவயது முதற் கண்டவன். பழத்தைப் பதப்படுத்தும் முறையைப் பீடத்திற் கற்றுவிட்டான். சிறு உலர்த்தி ஒன்று, பொதியிடும் பொறி ஒன்று, இரண்டு வேலையாட்கள். இவையிருந்தாற் போதும் என்று அவனுக்குத் தோன்றுகின்றது. மூன்று ஊற்றுக்களுள் முதலாவது ஊறத் தொடங்கிவிட்டது.

அவன் அதனை வீட்டிற் சொல்கின்றான். தாய் கோபிப்பதில்லை. "முதல் ஒரு உத்தியோகத்தை எடு தம்பி, பிறகு எதையும் செய். உனக்குப் பின்னாலை தங்கச்சி இருக்கிறாள்" என்கின்றாள். அத்தாயைக் குறைகூற யாரால் இயலும்? தங்கையின் சீதனமும் தமையனின் நியமனக் கடிதமும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படும் ஊர் இது. கலியாணத் தரகர் படலையைத் திறக்கும்போதே கேட்பது, "பொடியன் என்ன உத்தியோகம்?" என்பதே. அரசாங்க உத்தியோகத்தன் பெறுஞ் சீதனத்துக்கும், அதேயளவு வருவாயுள்ள கடைக்காரன் பெறுஞ் சீதனத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சுன்னாகத்துச் சந்தைக்கு வருவோர் யாவரும் அறிவர். கோயில் வீதியிற் காணும் பெரியவர், "தம்பி, வேலை ஏதேனும் சரிவந்ததோ?" என்று கேட்கின்றார். மாணவன் உலர்த்தியைப் பற்றிச் சொன்னால், "அதுவும் நல்லதுதான், வேலை கிடைக்குமட்டும் செய்யலாம்" என்கின்றார். வேலை கிடைக்குமட்டும்! அச்சொற்றொடரினுள் ஊரின் தீர்ப்பு முழுவதும் இருக்கின்றது.

இவ்வாறு சுற்றத்தார் தரும் அழுத்தம் எப்படி வேலை செய்கின்றது என்பதை லின்யான், சென் என்னும் ஆய்வாளர் இருவர் ஸ்பெயின் நாட்டிலும் தைவானிலும் பல்கலைக்கழக மாணவரிடையே ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டனர். சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு எண்ணத்தை நேரே அடித்து வீழ்த்துவதில்லை. அது முதலில் மனப்பாங்கை மாற்றுகின்றது; பின் தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையை மாற்றுகின்றது; அவற்றின் வாயிலாகவே எண்ணத்தை அடைகின்றது. ஊரார் "செய்யாதே" என்று தடுப்பதில்லை. "இது உனக்குத் தகாது, உன்னால் ஏலாது" என்று மாணவன் தானே நினைக்கும்படி மெல்ல மெல்ல ஆக்கிவிடுகின்றனர். ஆதலினாலே, பின்னர் அவனிடம் வினவினால், தன் விருப்பத்தின்படியே தான் உத்தியோகத்தைத் தெரிந்துகொண்டதாக மனமாரச் சொல்வான். நாமும் அதனை நம்பிவிடுவோம்.

மூன்றாவது ஊற்றாகிய நம்பிக்கை, வங்கியின் வாயிலிற் சோதிக்கப்படுகின்றது. முகாமையாளர் அன்போடு அமரச் சொல்கின்றார், திட்டத்தைப் பாராட்டுகின்றார், பின்னர் பிணை கேட்கின்றார். காணி உறுதி தகப்பனார் பெயரிலோ, தங்கைக்கென ஒதுக்கப்பட்டோ உளது. சரீரப் பிணைக்கு நிரந்தர உத்தியோகத்தர் இருவர் கையொப்பமிடல் வேண்டும் என்று கேட்டல் எம்மிடையே வழக்கம். அரசாங்க உத்தியோகத்தை நாடாது தொழில் தொடங்கப் புறப்பட்டவன், அரசாங்க உத்தியோகத்தர் இருவரின் படலையிலே போய் நிற்கவேண்டியதாகின்றது. இதனைக் கண்ட மற்றை மாணவர் கற்கும் பாடம், எவ்விரிவுரையினும் ஆழமாகப் பதிகின்றது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னுங் கடினமானது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெண்களே இன்று பெரும்பான்மையினர். ஆயினும் உழைக்கும் வயதினரான பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே நாட்டின் தொழிற்படையிற் காணப்படுகின்றனர். தேசவழமையின்கீழ் வருவோருக்கென இயற்றப்பட்ட 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. சீதனமாகக் கொடுத்த காணியும் அவளுக்கு முதலாகாதபடி இவ்வாறு கட்டப்பட்டது. இவற்றோடு, மாலை மயங்குமுன் வீடு திரும்பவேண்டும் என்னும் எழுதாச் சட்டமும் உளது. வகுப்பிலே முதலாவதாக வந்த மாணவி தொழிலெண்ணத்திற் கடைசியாக வருவாளாயின், அதனை அவளது கூச்சம் என்று எழுதுதல் நீதியாகுமா?

இனி, கல்வியால் இவ்வெண்ணத்தை உண்டாக்கலாமா? இப்பொழுது முயற்சியாண்மை என்னும் பாடம் பல பீடங்களிற் புகுந்துள்ளது. பாடம் புகுந்தால் எண்ணமும் புகும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் ஒல்லாந்திலே கல்லூரியொன்றில், மாணவரே சிறு கம்பனி நடத்தும் பயிற்சித் திட்டத்தை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டோர் கண்ட முடிவு வியப்பானது. மாணவரின் திறன்களிற் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. இதனைக் கேட்டு அஞ்சுதல் வேண்டா. தொழிலின் கடினத்தை அறிந்து, இது எனக்குரியதன்று என ஒருவன் இருபது வயதிற் காண்பது, முதலை இழந்து நாற்பது வயதிற் காண்பதிலும் நன்று. எனினும், பாடத்திட்டம் ஒன்றை அச்சிட்டு வழங்கினாற் கடமை முடிந்தது என்னும் எண்ணத்துக்கு இம்முடிவு தக்க மறுப்பாகும்.

எவ்வகைப் பயிற்சி பயன் தரும் என்பதற்கும் சான்றுண்டு. மேற்கு ஆபிரிக்காவின் தோகோ நாட்டிற் சிறுதொழில் நடத்துவோர் 1,500 பேரிடையே ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2017 இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குக் கணக்கு, சந்தை முதலிய வழக்கமான பாடங்கள் கற்பிக்கப்பட்டன. மற்றொரு பகுதியினருக்குத் தாமே தொடங்குதல், முன்கூட்டி நோக்குதல், தடை வந்தாற் சோராது வேறு வழி காணுதல் ஆகியன பயிற்றப்பட்டன. பின்னையோரின் இலாபம் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. முன்னையோரிடம் உறுதியான உயர்வு காணப்படவில்லை. 1960 களில் மக்கிளெலண்ட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் துணைவரும் ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடாவின் வணிகருக்குச் சில நாட்பயிற்சி அளித்து, அவர் பின்னர் தம் தொழிலில் முன்னையினும் ஊக்கமாக முயன்றதைக் கண்டனர். முயற்சி என்பது பிறவிக்குணம் மட்டுமன்று. சாதியோடும் குடும்பத்தோடும் வருவதுமன்று. அது பழக்கத்தால் வருவது என்பதே இவற்றாற் பெறப்படும்.

அப்பழக்கம் எமக்கு இல்லாததா? 1990 களிற் பொருளாதாரத் தடையின்கீழ் இருந்தபோது யாம் என்ன செய்தோம்? மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பெற்றோல் இல்லாதவிடத்து மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டி ஓட்டினோம். சவர்க்காரம் முதலாகப் பலவற்றை உள்ளூரிலேயே செய்தோம். துணிவும் அறிவுங் கையிலிருந்தன என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா. ஆயின் அது வேறு வழியின்மையாற் பிறந்த முயற்சி; பாதை திறந்து கொழும்புச் சாமான் வந்தவுடன் அதிற் பெரும்பகுதி மறைந்தது. வாய்ப்பைக் கண்டு பிறக்கும் முயற்சியே நிலைப்பது. பல்கலைக்கழகம் எமக்குத் தரவேண்டியது அவ்வாய்ப்பைக் காணுங் கண்ணையே.

முதலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல்வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சுரேஷ் டி மெல்லும் அயல்நாட்டறிஞர் இருவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில் நடத்துவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாயைக் கடனாகவன்றி நன்கொடையாக அளித்து நோக்கினர். அச்சிறு முதல் வருடத்துக்கு 55 முதல் 63 சதவீதம் வரை வருவாய் ஈட்டியதென 2008 இல் அவர் வெளியிட்டனர். ஆயினும் அப்பேறு ஆண்கள் நடத்திய தொழில்களுக்கே கிட்டியது. பெண்கள் நடத்தியவற்றிற் சராசரியாகப் பயன் காணப்படவில்லை. சிறுமுதல் பெரும்பயன் தரும் என்பது ஒரு பாடம். முதல் மட்டும் போதாது, அதனை எடுத்தாளும் உரிமையுஞ் சந்தையும் வேண்டும் என்பது மறுபாடம். போருக்குப்பின் வடக்கிலே கடனுக்குக் குறைவிருக்கவில்லை. குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் கிராமந்தோறும் வந்தன. 2018 இல் அரசாங்கம் வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட சிறுகடன்களைத் தள்ளவேண்டி வந்தது. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியபோது, கடன்பட்டு நின்ற சிறு தொழிலாளர் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். கடன் வாங்கு என்று மாணவனை ஊக்குவிப்போர் இவற்றை மறத்தலாகாது.

எமது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவும் உள. பட்டதாரிக்கு வேலை கொடுத்தல் அரசாங்கத்தின் கடன். சொந்தத் தொழில் செய் என்பது அக்கடனைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. மின்சாரமும் வீதியும் நீதியான கொள்முதலும் இல்லாதவிடத்து முயற்சி செய் என்பது, நீரில்லாக் குளத்தில் நீந்து என்பது போலாகும். அன்றியும், யாவரும் முதலாளியாதல் இயலாது, ஆகவேண்டுவதுமில்லை. நல்லாசிரியரும் நேர்மையான எழுதுவினைஞரும் இன்றி எந்நாடும் நடவாது. யாம் வேண்டுவது உத்தியோகத்தை இகழ்தலன்று. இரண்டு வழியும் ஒரே மதிப்புடன் மாணவன் முன் வைக்கப்படல் வேண்டும். அவன் எதனைத் தெரிந்தாலும், அது அவனது தெரிவாக இருத்தல் வேண்டும். இன்று ஒருவழியே வழி எனக் காட்டி, அதுவும் அடைபட்டுக் கிடப்பதைச் சொல்லாது விடுகின்றோம். இது வஞ்சகமாகும்.

ஆகவே பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கன யாவை? கட்டடங் கட்டுவதில் எம்மவர் குறை வைத்ததில்லை. மண்டபம், மதில், வாயிற்கோபுரம் என விழாதோறும் ஒன்று எழுகின்றது; நன்கொடையாளர் பெயரும் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. இவ்விழாவின் நினைவாகக் கல்லில் அமையாத ஒன்றை அமைத்தால் என்ன? பிணைநிதி ஒன்றை நிறுவுவோம். எமது கல்லூரியிற் கற்றுப் பல்கலைக்கழகஞ் சென்ற மாணவனோ, எம்மூர் மாணவியோ, தக்க திட்டத்தோடு வங்கிக்குச் செல்லும்போது, இரண்டு உத்தியோகத்தரின் கையொப்பத்துக்கு ஈடாகப் பழைய மாணவர் சங்கம் நிற்கட்டும். கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்றோவிலும் உள்ள எம் சகோதரர் அனுப்புங் காசு, மதிலாக நிற்பதிலும் பிணையாக நிற்பது எத்துணைச் சிறப்பு! தொழில் தோற்றாற் காசு போகும் என்பர். போகத்தான் செய்யும், பத்தில் ஆறு போனாலும், நின்ற நான்கும் தலைமுறைக்கு நின்று பயன்தரும்.

அடுத்து, எம்முள் தொழில் நடத்துவோர் விடுமுறைக் காலத்திலே பல்கலைக்கழக மாணவரைத் தம் கடைக்கும் பட்டறைக்கும் அழைத்து, கணக்கேட்டைத் திறந்து காட்டுவாராக. இலாபத்தை மட்டுமன்று, நட்டத்தையும் காட்டுவாராக. தான் பிறந்த ஊரான், தான் கற்ற பள்ளியிற் கற்றவன், ஒரு தொழிலை நடத்துவதை அருகிலிருந்து கண்டவனுக்கே "என்னாலும் இயலும்" என்னும் நம்பிக்கை பிறக்கின்றது. எட்டாத நாட்டுக் கோடீசுவரரின் வரலாறு அந்நம்பிக்கையைத் தராது. மேலும், மாணவன் செய்த பொருளை முதலில் வாங்குவோர் நாமாக இருப்போம். விழா விருந்துக்கு வேண்டியதை அவனிடம் வாங்கலாம். மலரை அவன் அச்சகத்தில் அச்சிடலாம். புகழுரை பத்தினும் கொள்முதற் கட்டளை ஒன்று வலிது.

யாவற்றினும் பெரியது, காசு சிறிதுஞ் செலவாகாதது, எமது நாவைத் திருத்துதல். படலையில் நின்று "வேலை சரிவந்ததோ?" என்று கேட்பதை விட்டு, "என்ன செய்யப்போகிறாய் தம்பி?" என்று கேட்போம். "பொடியன் என்ன உத்தியோகம்?" என்னும் கேள்விக்கு, "சொந்தமாய்த் தொழில் செய்கிறான்" என்னும் விடை தாழ்வன்று என்பதை, பேச்சில் அன்றி, எம் மகளைக் கொடுத்துக் காட்டுவோம். ஒருவன் கடையைப் பூட்டினால் அதனைக் கோயில் வீதியிற் பேசி நகையாதிருப்போம். தோற்றவனை நகைக்கும் ஊரில் இரண்டாமவன் புறப்படான். அறிஞர் சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு எனக் கூறும் அது, எங்கோ வானத்தில் இருப்பதன்று. அது நாமே.

இம்மலரின் ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த மலரிலே, எம் கல்லூரியிற் கற்றுத் தொழில் நிறுவியோரின் வரலாறுகளை விளம்பரப் பக்கத்தினின்றும் எடுத்துக் கட்டுரைப் பக்கத்தில் இடுக. வென்றவரோடு தோற்றவரையும் எழுதுக. அதனை வாசிக்கும் மாணவன் ஒருவன், அழுகும் மாம்பழத்தைக் காணும்போது நியமனக் கடிதத்தைப் பற்றி மட்டும் நினையாதிருப்பானாயின், எம் கல்லூரி அன்னை பெற்ற பேறு அதுவாகும்.

வாழ்க எம் கல்லூரி; வளர்க அவள் மக்களின் முயற்சி.